கடைசி வாசலில் பாடிய பாவாத்தாள்

தலைமை ஏற்றிருக்கும் பிரான்சிஸ் வாத்தியார் அவர்களே, வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி இந்தக் கணபதி ஊர் வரைக்கும் வந்திருக்கிற சொந்தபந்தங்களே, வணக்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் மழைச்சோறு எடுத்தோமே, அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பானை சுமந்த ராமாத்தாள், அது நான். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி. தாளம் போட்ட என் அண்ணன் மாரப்பன். அவர் பேத்தி மதிவதனி, அப்போது நாலாம் வகுப்பு. எல்லோருக்கும் முன்னால், பாடிக்கொண்டு, மாரப்பன் மனைவி, என் நங்கை பாவாத்தாள்!

பாவாத்தாள் போய்விட்டாளே என்று அழுவதற்கா கூடியிருக்கிறோம்? இல்லை! ஜெயித்தவளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம்.

மழைச்சோறு என்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. மழை பொய்த்துப்போனால் பெண்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய், வாசலுக்கு ஒரு கைப்பிடி அரிசி வாங்கி, ஒரே பானையில் உப்பில்லாமல் பொங்கி, ஊர் எல்லையில் எல்லோரும் சேர்ந்து தின்ன வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் செல்லாது.

அன்றைக்கு மற்ற எல்லா வீட்டிலும் போட்டார்கள். கடைசி வீடு எண்ணெய் மில்காரர் வீடு. எங்கள் தெருப் பெண்கள் கூலி வேலைக்கு மட்டுமே மிதித்த வாசல் அது.

"ஏம்புள்ள பாவாத்தா, உங்க தெரு அரிசியும் எங்கூட்டு அரிசியும் ஒரே பானையிலயா?" என்றார் மில்காரர்.

"மழை என்னங்க, தெருத்தெருவாப் பிரிச்சுப் பார்த்தா பெய்யும்?" என்றாள் இவள்.

கதவு சாத்தப்பட்டது.

"வா நங்கை, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நீ வேணாப் போ அம்மணி. எம்பாட்டு இன்னும் முடியல."

'கைப்பிடி அரிசி போடு தாயே, கருமேகம் கதவு திறக்கும் தாயே' என்று உச்சி வெயிலில் எடுத்தாள். தார்ரோட்டில் வெறுங்கால்! ரம்ஜான் பீவி நீட்டிய தண்ணீரில் ஒரு வாய் குடித்து, விட்ட அடியிலேயே திரும்பப் பிடித்தாள். அந்த வீட்டு மாட்டைப் பாடினாள், தென்னையைப் பாடினாள். வசவு ஒன்று பாடினாளா? ஒன்றுகூட இல்லை!

நாலு மணிக்குக் கதவு திறந்தது. மில்காரரின் அம்மா சென்னியம்மாள், எண்பது வயசு, முறம் நிறைய அரிசியோடு நின்றார்.

"ஏங்கண்ணு, மாட்டையெல்லாம் பாடுன, எம்பேரை மட்டும் உட்டுப்போட்டயே!"

அந்தப் பேரையும் வைத்துப் பாடினாள் பாவாத்தாள். அந்த அம்மா எங்களோடு எல்லை வரைக்கும் நடந்தே வந்து, எங்கள் பானைச் சோற்றை இரண்டு கையும் ஏந்தி வாங்கித் தின்றார். யார் ஜெயித்தது? சொல்லுங்கள், யார் ஜெயித்தது?

மூன்றாம் நாள் பெய்தது பாருங்கள் மழை! கிணறு பொங்கியது! மதிவதனி தெருவில் குதித்த குதியில் என் சேலையெல்லாம் சேறு!

மழை விட்ட மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளக்ஸ். யாகம் நடத்தி மழையை வரவழைத்த வள்ளல் என்று மில்காரர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பாவாத்தாள் பெயர் இல்லை, பாட்டு இல்லை, அவர் பெற்ற தாயின் பெயர்கூட இல்லை! இவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உடு அம்மணி, மழை வந்துச்சில்ல" என்றாள்.

அவள் பாட்டெல்லாம் என் மனசில் கிடக்கிறது, ஒரு அடி பிசகாமல். எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், மதிவதனி எழுதுகிறாள். அடுத்த முறை வானம் காய்ந்தால் பானையை நான் தூக்குவேன், முன்னால் நின்று மதிவதனி பாடுவாள். இது பாவாத்தாள் மேல் சத்தியம்!

பாவாத்தாள் மன்னித்துவிட்டாள். அது அவள் மனசு. எனக்கு அந்த மனசு கிடையாது. மூன்றாவது வரிசையில் பெரிய மாலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், மில்காரரே. மாலையைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் சாகும் வரைக்கும் மன்னிக்க மாட்டேனுங்க, சுப்பண்ணா.