மாடிக்குத் தாளம் போட வேண்டும்

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நீங்கள் அப்படி இல்லை. வந்து உட்கார்ந்ததும் மின்விசிறியைக் குறைக்கச் சொன்னீர்கள். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். விசாரணை என்றாலும் ஒரு முறை இருக்கிறது பாருங்கள். இப்படிப்பட்டவரிடம் எதையும் மறைக்கத் தோன்றாது.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரை, அவர் இன்னார் என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர் எங்களிடம் வந்து புகார்ப் படிவம் எழுதிக் கொடுப்பார். மூன்று நாளுக்குள் அது வக்கீலிடம் போகும். வக்கீல் நினைத்தால் அந்த வீட்டை வேறு யாருக்கும் விடாமல் நிறுத்தி வைத்து, கேட்டவருக்கே வாங்கித் தரவும் முடியும். படிவத்தை வாங்கி அனுப்புவதும் வீட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு ஏசி மெக்கானிக் வந்தார். ஆறடி ஆள். "உங்க ஆளுங்க வந்தா வீடே நாறிடும்னு சொல்லிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் மேஜைமேல் கவிழ்ந்து அழுதார். அன்றைக்கு ஒன்று புரிந்தது. வீடு கிடைக்காதது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அவரை அழவைத்தது, முகத்தில் அடித்தாற்போல் சொன்ன அந்தப் பேச்சு. வீடு என் கையில் இல்லை. பேச்சைத் திருத்தலாம் அல்லவா?

பயிற்சி வகுப்பில் வீட்டுக்காரர்கள் சட்டத்தை எல்லாம் தலையாட்டிக் கேட்பார்கள். டீ இடைவேளையில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்: "எல்லாம் சரிங்க. மனசுக்கு ஒப்பலைன்னா எப்படிச் சொல்றது?" பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது. முதலில் வாயால் சொல்லிக் கொடுத்தேன். எல்லாருக்கும் டீ இடைவேளை போதவில்லை. அதனால் பன்னிரண்டு வாக்கியங்களை எழுதி, 'கனிவான பதில்கள்' என்று தலைப்புப் போட்டு, டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். வீடு நிஜமாகவே காலியில்லாதபோது சொல்வதற்கு என்றுதான் அவளிடம் சொன்னேன்.

எங்கள் டைப்பிஸ்ட் ஒன்பது வருடமாக எங்களோடு இருப்பவள். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவும் அவளும்தான். கெட்டிக்காரி. பிழை விடவே மாட்டாள். அந்தத் தாளில் மட்டும், ஏழாவது வாக்கியத்தில் ஒரு துணைக்கால் அதிகமாக விழுந்துவிட்டது. 'மாடிக்குத் தளம் போட வேண்டியிருக்கிறது, முடிந்ததும் சொல்லி அனுப்புகிறோம்' என்று நான் எழுதியிருந்தேன். தளம், தாளமாகிவிட்டது. மறுநாள் அவளே கண்டுபிடித்துச் சிரித்தாள். "சோத்துக்குத் தாளம் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார். நான் மாடிக்கே போட வெச்சுட்டேன்." நானும் சிரித்தேன். திருத்தின பிறகுதான் இருநூறு பிரதி எடுத்தோம். பிழையோடு இருந்தது ஒரே ஒரு தாள். அதை முந்தின நாளே சரிபார்க்க வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டதாக அவளிடம் சொன்னேன்.

கிழிக்கவில்லை. என் மனைவி அதைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டாள். எங்களுக்கும் ஒரு மாடி இருக்கிறது. ஆபீஸில் யாருக்கும் சொன்னதில்லை. வேலை வேறு, வீடு வேறு.

பலன் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வருடத்துக்கு அறுபது, எழுபது புகார் வந்த இடத்தில் முப்பதாயிற்று. அப்புறம் பத்து. கடைசிப் பதினொரு மாதம் ஒன்றுகூட இல்லை. எங்கள் படிவத்தில் ஆறாவது கேள்வி, 'உங்களிடம் என்ன சொன்னார்கள்?' வந்தவர்கள் அந்த இடத்தில் பேனாவை வைத்து யோசிப்பார்கள். 'நன்றாகத்தான் பேசினார்கள்' என்று எழுத அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாகுபாடு ஒழிந்த முதல் நகரம் என்று எங்களுக்கு விருது அறிவித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் டைப்பிஸ்ட் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மூச்சு வாங்கும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு தேடினாள். சாயங்காலம் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு, காலையில் வந்து என்னிடம் சொல்வாள். "எவ்வளவு மரியாதையாப் பேசறாங்க தெரியுமா சார். எல்லாம் நம்ம வகுப்புக்கு வந்தவங்கதான் போல." அவளுக்கு அதில் ஒரு பெருமை. முப்பது வீடு தாண்டியதும் பெருமை போய்விட்டது. "அவங்க மேல குத்தமே இல்லை சார். என் நேரம்தான் சரியில்லை" என்றாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தேடிக்கொண்டே இரு, கிடைக்கும் என்று தைரியம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருது விழாச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் மணி அடித்தது. புரோக்கர் கொடுத்த துண்டுச் சீட்டோடு யாரோ மாடி கேட்டு வந்திருந்தார்கள். குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு, உள்ளறையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆளைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். "பாத்தா நல்ல குடும்பமாத் தெரியுது. குடுக்கறதுக்கு எங்களுக்கும் ஆசைதான். ஆனா மாடிக்குத் தாளம் போடவேண்டியிருக்கு. முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்."



"தளம்ங்களா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"இல்லம்மா, தாளம். எழுதியே வெச்சிருக்கு."

என் மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதினது தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. எங்கள் கல்யாண வாழ்க்கை இருபத்தாறு வருடம் ஓடியதே அதனால்தான்.

மறுநாள் டைப்பிஸ்ட் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அந்தக் குணம் எனக்கு அவளிடம் எப்போதும் பிடிக்கும். "கட்டடம் இடிக்க எட்டு நாள்தான் இருக்கு சார். உங்க மாடியில இருந்து ஆஸ்பத்திரி பின்வாசல் நாலு நிமிஷம். அப்பாவை நடத்தியே கூட்டிட்டுப் போயிடுவேன். வாடகை நீங்க சொல்றதுதான்."

"வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்மா" என்றேன்.

"இது மூணாவது வாக்கியம் சார்" என்றாள்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் எந்த வேற்றுமையும் கிடையாது. ஒரே கெட்டிலில் டீ குடித்திருக்கிறோம். ஆனால் எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரி. பக்கத்து வீட்டு அம்மா வேறு மாதிரி. எனக்காக இல்லை, அவள் அங்கே வந்து நாலு பேர் பார்வையில் கூசிக் குறுகக் கூடாதே என்றுதான் யோசித்தேன். இதை அவளிடம் விளக்கியிருக்கலாம். விளக்கினால் மனசு புண்படும்.

மத்தியானம் அவள் புகார்ப் படிவம் கொடுத்தாள். பதினொரு மாதத்தில் முதல் படிவம். ஆறாவது கேள்விக்கு எதிரே ஒரே வார்த்தை: 'தாளம்'. விருது விழா வெள்ளிக்கிழமை. அழைப்பிதழில் 'புகாரே இல்லாத நகரம்' என்று அச்சாகி, எல்லாருக்கும் போய்விட்டது. படிவத்தை இரண்டாக மடித்து என் இழுப்பறையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை கழிந்து அனுப்பலாம் என்றுதான் வைத்தேன். விழா கழிந்த பிறகு அனுப்பினால், ஏன் தாமதம் என்று கேள்வி வரும். ஆகவே பத்தொன்பது நாள் அது அங்கேயே இருந்தது. வக்கீலுக்கு எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

எட்டாம் நாள் அவர்கள் ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவில் ஒரு தகர அறைக்குப் போனார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் நேரத்துக்கு வராது. முதல் வாரம் ஒரு தவணை தவறியது. அடுத்த வாரம் இரண்டு. பெரியவர் இரண்டாவது பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், மகள் தோளில் சாய்ந்தபடி போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் எழுப்பவில்லையாம். மனுஷனுக்கு அமைதியான சாவு. துக்கம் கேட்க நான் போனேன். ஆபீஸ் சார்பில் மாலை வைத்ததும் நான்தான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று உங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாக்கியமும் என்னுடையவை. மாடி என்னுடையது, காலியாகத்தான் இருந்தது. தளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கு உள்ளறையிலிருந்து எழுந்து வாசலுக்கு வர ஆறு எட்டு வைத்தால் போதும், நான் வரவில்லை. படிவத்தை ஒளித்ததும் நானே. அந்த ஒற்றைக் கால் மட்டும் அவள் போட்டது. அதையும் குறித்துக்கொள்வதுதான் நியாயம்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. காரியம் முடிந்த பிறகு, பரிகாரமாக மாடியை அவளுக்கே கொடுத்துவிடலாமா என்று நானும் மனைவியும் உட்கார்ந்து பேசினோம். நல்ல மனசோடுதான் பேசினோம். ஆனால் பாருங்கள், இப்போது அவளுக்கு அப்பாவும் இல்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு விடுவதில் சில சங்கடங்கள் உண்டு.

அதைக் கனிவாக எழுதிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.