செத்த ஓநாயின் நடமாட்டம்

முதுகு சரியில்லை, அதனால் நின்றுகொண்டே சொல்கிறேன். நாற்பது வருடம் குதிரைமேல் உட்கார்ந்தவனுக்கு நாற்காலி ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், ஷெரீஃப் ஐயா.

எலோய் மொன்டான்யோவின் தோள்பைக்குள் ஓநாயின் கழுத்துப்பட்டை எப்படி வந்தது என்றுதானே கேட்டீர்கள். அவன் ஓநாயைக் கொன்றிருப்பான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தப்பு. அவனுக்கு ஓநாய்மேல் ஒரு கோபமும் கிடையாது. கொன்றது நான்.

நான் பயந்த சுபாவம், அதை ஒளிக்க ஒன்றுமில்லை. கோடை முழுக்க எங்கள் மாடுகள் மேய்வது அரசாங்க மலையில். அங்கே ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. போன வருடம் என் கிடாரிக் கன்று ஒன்றைப் பின்பக்கமிருந்து தின்றுகொண்டிருந்தன. அது அப்போதும் தலையைத் தூக்கித் தாயைத் தேடியது. நான்தான் சுட்டு முடித்து வைத்தேன். அதற்கப்புறம் தபால் பெட்டிவரை போகவும் எனக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தது. பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ளே நிற்பதற்கு மரக்கூண்டு செய்து கொடுத்ததும் நான்தான்.

ஓநாய்களை அகற்றச் சொல்லி மனு எழுதினோம். ஒன்பது மேய்ச்சல் குடும்பங்களும் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு மதிப்பு. எட்டுப் பேர் போட்டார்கள், எலோய் போடவில்லை. கன்றுகளுக்குச் சூடு போட எல்லாரும் கூடியிருந்த நாளில் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"யோவ் ஆர்வல், அது உம்ம கன்னுக்குட்டியத் தின்னதவிட உம்ம தூக்கத்தத்தான்யா ஜாஸ்தி தின்னுருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செப்டம்பரில், மாடுகளுக்கு உப்புக்கட்டி வைக்கிற இடத்தில் அந்தப் பெண் ஓநாயைச் சுட்டேன். சுட்டது பெரிய விஷயமில்லை, அதிகாரிகள் அதற்கு மாட்டிவிட்ட ரேடியோக் கழுத்துப்பட்டைதான் தொல்லை. அதன் ஒலியைக் கேட்க எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். ஓநாய் கிட்டே வர வர 'டிக் டிக்' என்று உரக்க அடிக்கும். பட்டை நாலு மணி நேரம் அசையாமல் கிடந்தால் அடி இரட்டை வேகமாகும். ஓநாய் செத்தது என்று அர்த்தம், அதிகாரிகள் தேடி வந்துவிடுவார்கள். அதனால் பட்டையைக் குதிரைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றினேன். மற்ற நேரத்தில் என் நாயின் கழுத்தில் கட்டிவிட்டேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஓநாயைக் குழிதோண்டிப் புதைத்தவன் நான். ஆனாலும் பெட்டி அடிக்கத் தொடங்கினால் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுவேன். என்னையே இந்தப் பாடு படுத்துகிறதே, கையெழுத்துப் போடாதவன் வீட்டில் என்ன செய்யும் என்று தோன்றியது.

மூன்று வாரம், தினமும் பொழுது சாயும் நேரத்தில், பட்டையோடு எலோய் வீட்டுப் பின்புறம் குதிரையில் போய்வந்தேன். அவன் மனைவி டெல்ஃபினா மெலிந்துபோனாள். மகளை முற்றத்தில் இறங்க விடவில்லை. துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லி என்னிடம்தான் வந்தாள். பொறுமையாகவே கற்றுக்கொடுத்தேன். முகம் தெரியும்வரை காத்திருக்காதே, சாம்பல் நிறத்தில் ஏதாவது அசைந்தால் சுட்டுவிடு என்றேன். கையெழுத்துப் போட்டுத் தொலையுங்கள் என்று அவள் புருஷனிடம் அழுதாளாம். அவன் அசையவில்லை.

அக்டோபரில் மாடுகளை மலையிலிருந்து இறக்குவோம். அதற்கு அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உதவுவது வழக்கம். சண்டையே இருந்தாலும் வந்துவிடுவார்கள். எலோயும் விடிந்ததும் வந்தான். நல்ல பனிமூட்டம். அவன் குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது. குதிரையை என் பட்டியில் விட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்துபோய் வேறு குதிரை கொண்டுவருகிறேன் என்றான். கிளம்புமுன் காபி குடித்தான். அந்த நேரத்தில் பட்டையை அவன் பைக்குள், ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு போட்டிருந்தான். பையைத் தோளில் மாட்டிக் கொஞ்சம் குனிந்தபடி, வழக்கம்போலத் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டு வழியாக இறங்கினான்.

பயமுறுத்த மட்டுமே நினைத்தேன். அவன் மறைந்ததும் டெல்ஃபினாவுக்குப் போன் செய்தேன்.

அதைப் பற்றி அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஓநாய் உன் வீட்டுப் பக்கம் இறங்குகிறது, புதர்க்காட்டைப் பார்த்துக்கொள் என்றேன். பெட்டி அடிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது.

"கிட்ட வந்துட்டே இருக்குண்ணே. துப்பாக்கிய எடுத்துட்டேன். அவரு எங்க?"

"இங்கதாம்மா, என் பக்கத்துல நிக்கிறான். காபி குடிக்கிறான்."

அவள் புருஷனை நினைத்து வீணாகப் பயப்படக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன்.