ஒரு பெட்ஷீட்டுக்கு ரெண்டு பேர்

— இழுத்துப் பிடி, புதுசு. ஓட்டல் பெட்ஷீட்டு இது, கைக்குட்டை இல்ல. தொளதொளன்னு மடிச்சா மொத்தக் கட்டும் நம்ம சலவைக்கே திரும்பி வரும்.

— பிடிச்சுட்டுத்தான்க்கா இருக்கேன். வேலைக்கு வந்து மூணு நாள் ஆச்சு. இன்னிக்கு நீங்க சரின்னு சொன்னாத்தான் வேலைன்னு முதலாளி சொல்லிட்டார்.

— பின்னே? என்கூடத்தானே மடிக்கணும். ஜோடி ஒத்து வரணும்ல. கிட்ட வா, முனையைக் கொடு. ம்.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் பாசிஸ்ட்டா இருந்தவன்.

— இஸ்திரிக்காரர் நம்ம முதலாளியைக்கூட அப்படித்தான் சொல்றார். அரை நாள் லீவு தரலையாம்.

— விளையாட்டு இல்லக்கா. நெசமாவே.

— தேய்ச்சுத் தேய்ச்சு அந்த வார்த்தையில இப்ப நுரையே வரல. நீ என்ன செஞ்சே, அதைச் சொல்லு.

— வெளியிலேர்ந்து பொழைக்க வந்தவங்களை விரட்டணும்னு ஒரு படை வச்சிருந்தோம். ஒரே மாதிரி சட்டை, ஊர்வலம், கோஷம். ஆறு வருஷம்.

— அடுத்ததை எடு. மேல சொல்லு.

— அவங்க தங்கியிருந்த விடுதிக்கு நாலு பேர் போனோம். ஒருத்தன் தீ வச்சான்.

— ஒருத்தன் கதை எதுக்கு? உன் கை என்ன பண்ணுச்சு?

— கதவை வெளியேருந்து பூட்டுச்சு.

— ம்.

— கோர்ட்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன், மத்த மூணு பேரையும் காட்டினேன். ஏழு வருஷம் உள்ளே. இப்ப பழைய படையும் சேர்க்கல, ஊரும் சேர்க்கல.

— அழறியா?

— இல்ல. வரல.

— எனக்கும் வர்றதில்ல. முனையை விடாதே.

— பூட்டினதும் உள்ளேருந்து யாரோ தட்டினாங்கக்கா. கையாலயா, தலையாலயான்னு தெரியல. சாவியைப் பாக்கெட்ல போட்டுட்டு நடந்தேன். பின்சுவரை உடைச்சு எல்லாரையும் எடுத்துட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். ஆனா அந்தச் சத்தம் போகல... முதலாளிகிட்ட வேண்டாம்னு சொல்லிடுவீங்கல்ல?

— இருக்கட்டும்னு காலையிலேயே சொல்லிட்டேன்.

— அப்போ இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதே!

— முதல் நாளே தெரியும். நீ பூட்டின அன்னிக்கு உள்ளேருந்து ஜன்னல் வழியா நான் பார்த்த முகம்தானே. மன்னிச்சுட்டீங்களான்னு மட்டும் கேக்காதே, அது இன்னும் வரல. அப்புறம்... தட்டினது கையாலதான்.