மூன்றல்ல, இரண்டு

இந்த மாடியை எட்டு ஆண்டுகளாக நம்பி நமக்குத் தந்திருப்பவரும், இன்றைய கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான கியாசுதீன் பாய் அவர்களே, மறைந்த நண்பரின் துணைவியார் ஜெபா அவர்களே, கல்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் அவருடைய பணித் தோழர்களே, புதுப்பட்டினம் மேசைப்போர் மன்றத்தின் உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் படைப்பலப் பதிவாளர் ஜெரோம் அவர்கள் கடந்த வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் காலமானார். வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு ஆண்டுகள் கல்பாக்கத்தில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். இவை செய்திகள். இனி அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே பலருக்கு எங்கள் ஆட்டம் தெரியாது. ஒரு பெரிய மேசை. அதன்மேல் பாலாற்று மணல், ஒரு மரப்பாலம், விரல் உயரத்தில் வண்ணம் தீட்டிய படைவீரர்கள். ஆறு வீரர்களை ஒரு பலகைத் துண்டில் ஒட்டினால் அது ஓர் அணி. அந்த அணியின் பலம் ஆறு. அடி விழ விழப் பலம் குறையும். ஒட்டிய பொம்மையைப் பிய்த்தெடுக்க முடியாது. அதனால் அணிக்குப் பக்கத்தில் ஒரு பகடையை வைத்து, மிச்சம் எத்தனையோ அந்த முகத்தை மேலே திருப்பிவிடுவோம். உலகம் முழுக்கப் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம், 2017 ஆகஸ்ட் வரை.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பீரங்கி சுட வேண்டிய முறை. உருட்டப் பகடை வேண்டும். கைக்கு அருகில் இருந்ததை எடுத்தேன், உருட்டினேன், ஐந்து விழுந்தது. கைதட்டிக்கொண்டேன். எதிரே ஆடிக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஜுனைத் அலறினார்.

"அண்ணாத்த, இன்னா பண்ணிட்ட நீ? அது டைஸ் இல்ல, என் குதிரப்பட! அதுங்க உசுர எட்த்து உருட்டிட்டியே!"

நான் உருட்டியது அவருடைய குதிரை அணியின் மிச்ச பலத்தைக் காட்டிய பகடை. அது மூன்றா, நான்கா? ஜுனைத் நான்கு என்றார். நான் மூன்று என்றேன். நாற்பது நிமிடம் வாதாடினோம். தேநீர் ஆறியது. ஜுனைத் தன் படைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். இரண்டு ஞாயிறுகள் வரவில்லை. எத்தனை ஆண்டு நட்பு! ஒரு பகடைக்காகப் போயிருக்கும்!

போகவிட்டாரா ஜெரோம்? மூன்றாவது ஞாயிறு அவரே ஜுனைத்தின் செல்போன் கடைக்குப் போய் அழைத்து வந்தார். கையில் ஒரு நாஸ்தா டப்பா. திறந்தால், குதிரை அணிக்குப் புதிய பலகை. அதன் விளிம்பில் ஆறு மெல்லிய துளைகள், ஒவ்வொன்றுக்கும் எண், நான்காவது துளையில் சிவப்புத் தலைக் குண்டூசி.

"நாலுன்னே வச்சிக்க மச்சான். இனிமே அவரும் பேசக் கூடாது, நீயும் பேசக் கூடாது. இந்த ஊசி மீட்டரு தான் பேசணும்" என்றார்.

குண்டூசியை யாரும் உருட்ட முடியாது. அணியைத் தூக்கி நகர்த்தினால் ஊசியும் கூடவே போகும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. ஆனால் மன்றத்தின் நூற்று நாற்பது அணிகளுக்கும், எண்ணூற்று நாற்பது துளைகளை, கைத்துளைப்பானால் அவர் ஒருவரே போட்டார். எதிராளியின் அணிக்கும் அவர்தான் போட்டார்!

முட்டுக்காட்டில் சென்னை நண்பர்களோடு ஆடியபோது எங்கள் ஊசிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் மணி நேரத்தில் அவர்களில் ஒருவருடைய தோள்பை மேசையில் இடித்தது. அவர்களுடைய பகடைகள் எல்லாம் தரையில். எங்கள் ஊசிகள் அசையவில்லை. ஒருவர் மெதுவாக வந்து, "சார், இந்த ஊசி எங்க கிடைக்கும்?" என்றார். "எந்தப் பொட்டிக்கடையிலயும் கெடைக்கும் சார். ஓட்ட போடத்தான் பொறும வேணும்" என்றார் நம் பதிவாளர்.

அவர் ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்தினார். அடி விழுந்தால் சிலர் தலையில் கை வைப்பார்கள், சிலர் பகடையைத் திட்டுவார்கள். ஜெரோம் விடமாட்டார். "மொதல்ல ஊசிய நகத்து. அப்பால அழு" என்பார். எதிராளி கவனிக்காத அடியையும் தன் அணியில் தானே குறைத்துக்கொள்வார். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் ஊசி பொய் சொன்னதில்லை.

ஒருமுறைகூட என்றேன். திருத்திக்கொள்கிறேன். ஒரே ஒருமுறை.

போன ஞாயிறு. பதினான்கு மாதமாக நடந்துவரும் பாலாற்றுப் போரின் கடைசி ஆட்டம். பாலத்தைக் காத்து நின்றது ஜெரோமின் செஞ்சட்டை அணி. பலம் மூன்று. ஜுனைத் அடித்தார். அடி பலித்தது. அந்த நேரத்தில் ஜெரோம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டத்தை நிறுத்தினோம். மேசைமேல் போர்வையை விரித்தோம், அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஊசி மூன்றிலேயே நின்றது. நானும் பார்க்கவில்லை, ஜுனைத்தும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜுனைத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது. இருபத்திரண்டு விநாடி. அதை அப்படியே சொல்கிறேன்:

"ஜுனைது, பாலத்தாண்ட கீதே என் செவப்புச் சட்ட, அது மூணு இல்லபா, ரெண்டு. நீ அட்ச்ச கடைசி அடிய நான் குறைக்கல. நெஞ்சு புட்ச்சிக்கிச்சு, மறந்துட்டேன். நீயே நகத்திடு. வேற ஒண்ணுமில்ல. இங்க இட்லி தான் நல்லா இல்ல."

மூன்று என்றால் அந்த அணி அசையாமல் நிற்கும். இரண்டு என்றால் துணிவுச் சோதனை. பகடையில் நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் நிற்கலாம். குறைந்தால் அணி ஓடும், பாலம் போகும், பதினான்கு மாதப் போரும் போகும். இது ஜெரோமுக்குத் தெரியாதா? நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்! தெரிந்துதான் சொன்னார்.

இந்த மேசை இதோ உங்களுக்குப் பின்னால், அதே போர்வைக்குள் இருக்கிறது. இன்று காலை ஊசியை நகர்த்தச் சொன்னபோது ஜுனைத் மறுத்துவிட்டார்.

"மூணாவே இருக்கட்டும் அண்ணாத்த. பாலம் அவனுதாவே இருக்கட்டும். அப்டியே கண்ணாடி போட்டு மூடிடலாம். செத்தவன்கிட்ட போய் ஒரு ஆளப் புடுங்கச் சொல்றியா?"

அப்போது ஜெபா அவர்கள் சொன்னதை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன்.

"ஆஸ்பத்திரில மூச்சு வுட முடியாத மனுசன், ஒரு ஊசிக்கோசரம் என் போனப் புடுங்கிப் பேசினாரு. இத்தினி வருசம் நேர்மையா ஆடினவருக்கு நீ இன்னா பிச்ச போடறது? ரெண்டுன்னா ரெண்டு. எட்த்து வை. டைஸ நான் உருட்டறேன்."

அன்பர்களே, தோற்றாலும் சரி என்று தன் கணக்கைத் தானே குறைத்துச் சொன்ன மனிதருக்கு, கண்ணாடிப் பெட்டியா மரியாதை? பொய்யாக நிற்கும் ஊசியா நினைவுச்சின்னம்? இல்லை! இந்த மேசையில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஆட்டம் தொடரும். மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு புதிய அணிக்கும் ஆறு துளைகள் இருக்கும். அவருடைய கைத்துளைப்பானை ஜெபா அவர்கள் எனக்குத் தந்திருக்கிறார்கள். என் கை அவர் கைபோல நேராக ஓடாது. ஆனால் ஓடும்.

மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நண்பர்களே, போர்வையை எடுங்கள். ஜெபாம்மா, நீங்கள் பகடையோடு இப்படி வாருங்கள்.

ஜுனைத், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வா. அவர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா?

மொதல்ல ஊசிய நகத்து. அப்பால எல்லாரும் சேர்ந்து அழுவோம்.