எட்டு டிகிரி

இனிப்பான வெள்ளை ஒயினை எட்டு டிகிரியில்தான் பரிமாற வேண்டும், ஐயா. மேலே போனால் சர்பத். கீழே போனால் வாசனை உள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் உணவகத்தில் பத்தொன்பது வருடமாக ஒயின் பரிமாறுகிறேன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று மேசைக்கு மேசை போய்ச் சொல்வது என் வேலை. நான் சொல்லும் இந்த இனிப்பு ஒயின் காரத்துக்கு நன்றாகப் பொருந்தும். இனிப்பு போய்க் காரத்தைத் தட்டிக்கொடுக்கும். உப்புக் கரிக்கும் நீலப் பூஞ்சைச் சீஸோடும் ஒத்துப்போகும். கேக்கோடு மட்டும் கொடுக்கவே கூடாது. கேக்கின் இனிப்புக்கு முன்னால் ஒயின் புளித்துப்போய் நிற்கும். கோப்பையை ஒரு சுழற்றுச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய், "ரோஜா, லிச்சிப் பழம், கொஞ்சம் இஞ்சி" என்பேன். சாப்பிட வந்தவர்களும் முகர்ந்து பார்த்து ஆமாம் ஆமாம் என்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் என் மூக்கு போய்விட்டது. மூக்கு இருக்கிறது, அதற்கு வாசனைதான் தெரியாது. முதலாளியிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

கண்டுபிடித்தவன் சமையல்காரன் ஒருவன்தான். என் மனைவியின் தம்பி. நானே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். ஒருநாள் அடுப்புத் துணி கருகிப் புகைந்துகொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் நின்று, "இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டிருக்கிறேன்.

"மாமா, உங்களுக்கு மூக்கு வேலை செய்யலையா?"

"கத்தாதடா மாப்ளே. உங்க அக்கா நல்லா இருக்கணும்னா வாய மூடு."

தங்கமானவன். அன்றிலிருந்து அவனே எனக்கு மூக்காக இருந்தான். பாட்டிலைத் திறந்ததும் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோவேன். முகர்ந்துவிட்டு ஒருமுறை இருமினால் நல்ல பாட்டில், இரண்டு முறை இருமினால் கெட்டுப்போனது. போன மாதம் அவனுக்கு நிஜமாகவே இருமல் வந்தது. ஒரே மதியத்தில் பதினோரு நல்ல பாட்டில்களைத் திருப்பி அனுப்பினேன். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு மூக்கு வேற எவனுக்கு இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவன் வந்து நின்றான். "மாமா, பெரிய ஹோட்டல்ல தலைமைச் சமையல்காரனா கூப்பிடறாங்க. செவ்வாய்க்கிழமை காலைல போய்ச் சமைச்சுக் காட்டணும்."

"அப்ப என் மூக்கு?"

"உண்மையச் சொல்லிடுங்க மாமா. வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்ற வேலையாவது தருவாங்க."

பத்தொன்பது வருடம் ரோஜா என்று சொன்ன வாய், இனி வாங்க வாங்க என்று சொல்ல வேண்டுமாம். கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நானில்லை. நான்கு நாள் நிதானமாக யோசித்தேன்.

செவ்வாய் எங்கள் உணவகத்துக்கு விடுமுறை. அன்று காலை எட்டு மணிக்கு, கடைசியாக ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டுப் போ என்று ஒயின் அறைக்குக் கூட்டிப்போனேன். அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டினேன். உள்ளே எட்டு டிகிரி. நான் மிருகமில்லை, ஐயா. மேசையில் அந்த இனிப்பு ஒயின், காரம் தடவி வறுத்த பாதாம், நீலப் பூஞ்சைச் சீஸ் எல்லாம் வைத்திருந்தேன். கேக் வைக்கவில்லை. கம்பளி வைக்கத் தோன்றவில்லை. அந்த அறையில் யாரும் கம்பளி வைப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவை இரண்டிரண்டாகத் தட்டினான். எங்கள் கணக்கில் இரண்டு என்றால் கெட்ட பாட்டில். "வேற ஒண்ணு தெறந்துக்கோ மாப்ளே" என்று வெளியிலிருந்தே சொன்னேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தேன். சீஸைத் தொடவே இல்லை. மார்புச்சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பிழைத்துக்கொண்டான். ஆனால் டாக்டர் காப்பித்தூள், பூண்டு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டியபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் போய்விட்டது. அவனுக்குப் பெரிய ஹோட்டல் இல்லை, எனக்கு அவன் மூக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் நஷ்டம் எனக்குத்தான் அதிகம்.

ஆமாம், நான்தான் பூட்டினேன். தெரிந்தேதான் பூட்டினேன். குடும்பம் ஆளுக்கொரு திசையாகப் போய்விடக் கூடாதே என்றுதான்.

என் மனைவிக்கும் தம்பியைப் போலவே அருமையான மூக்கு. மூன்றாவது வீட்டில் பால் அடிப்பிடித்தால் இவள் இங்கிருந்தே சொல்வாள். நாளை முதல் அவளைச் சமையலறை ஜன்னலில் நிறுத்தலாம் என்றிருந்தேன். அவளோ அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். நான்கு மணிக்கு ரயில். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்த ஒயின் அறைச் சாவியை அதற்குள் கொடுத்துவிட்டால் உதவியாக இருக்கும், ஐயா.