நூற்று முப்பது

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் ஐயா. நோய் எதுவும் இல்லை. வெற்றிச்செல்வி குடிக்க முடியாததை நான் மட்டும் குடிப்பானேன் என்று கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டேன்.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. அளவு கொஞ்சம் கூடினாலும் மயங்கி விழுவாள். ஒருமுறை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டே ஓடினேன். "பஞ்சநாதன் மாதிரி புருஷன் யாருக்கு வாய்க்கும்" என்று தெருவே பேசியது. முந்திரி மண்டியில் எடை போடுகிறவனை அதற்கு முன் யார் பேசினார்கள்?

இரண்டாயிரத்து ஐந்தில் திருச்சி டாக்டர் ஒருவர் புது ஏற்பாடு செய்தார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே மெஷினில் பார்க்க வேண்டும். வருகிற எண்ணை எஸ்எம்எஸ் அனுப்பினால், ஊசி எவ்வளவு என்று பதில் வரும். செல்போன் என்னுடையது. அவள் படித்துச் சொல்வாள், நான் அனுப்புவேன்.

அவள் தேறிவிட்டாள். மயக்கம் நின்றது. மீன்சுருட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. "நீங்க எதுக்கு அலையிறீங்க, நானே போயிக்கிறேன்" என்று தனியாக பஸ் ஏறினாள். சாயங்காலம் வந்து பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பாள். அதில் ஒன்றிலும் நான் இல்லை.

ஒரு நாள் காய்ச்சலில் சர்க்கரை ஏறியிருந்தது. நான் நூற்று முப்பது என்று அனுப்பினேன். வழக்கமான அளவே போதும் என்று பதில் வந்தது.

"முன்னூத்தி நாப்பதுங்க. ஊசி கூட்ட வேணாமா?"

"கூட்டுனா மறுபடி மயக்கம் வருமாம். டாக்டரே சொல்லிட்டாரு."

நம்பினாள். அதன்பிறகு வருஷக் கணக்கில் அப்படியே அனுப்பி வந்தேன். கொஞ்சம் சோர்ந்து, பழையபடி என் தோளைப் பிடித்து நடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

டாக்டரிடம் இருக்கும் நர்ஸ் பர்சானா திருச்சியிலிருந்து அவ்வப்போது போன் செய்யும். "அக்காவுக்குக் கண்ணு மங்கலா தெரியுதாண்ணே?" கரும்பலகையில் எழுத்து கலங்குகிறது என்று வெற்றிச்செல்வி சொல்லத் தொடங்கியிருந்த சமயம். "அதெல்லாம் இல்லம்மா" என்றேன். இருக்கிறது என்றால் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். மறுபடி தனியாக பஸ்தான்.

உள்ளே ரத்தம் கசிந்து ஒரு கண் போயிற்று. பிறகு மற்றது. வேலையை விட்டாள். நான் சோறு ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன். தெரு மறுபடியும் பேசியது. நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை ஐயா.

அவள் அண்ணன் வற்புறுத்தியதால் திருச்சிக்குப் போனோம். பர்சானா மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டியது. பழைய எண்களையெல்லாம் அது சேர்த்து வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அண்ணே, இதுல முன்னூறு, நானூறுன்னு இருக்கு. நீங்க நூத்தி முப்பதுன்னுல்ல அனுப்புனீங்க?"

வெற்றிச்செல்வி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துதான் கேட்டாள். "நான் சரியாத்தானங்க படிச்சுச் சொன்னேன்?"

அன்றைக்கே அண்ணன் அவளை வரதராஜன்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறியே இருந்தால் கண் போகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அதிக நாள் என்னை உள்ளே வைக்காதீர்கள். கோபம் ஆறினால் அவள் என்னைத் தேடுவாள். தனியாக வர முடியாது, பாவம். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.