ஜம்ருட் அத்தியாயத்தில் இரண்டு கையெழுத்துகள்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நண்பர் சீமோன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் மங்கையற்கரசி அக்கா, இந்த ஒக்ரோபர் மழையில் இரண்டு பஸ் மாறி மல்வேர்ன் வந்து சேர்ந்த அன்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஒருவருக்கு மட்டும் வணக்கம் சொல்ல மனம் வரவில்லை. அதோ, மாலை போட்ட படத்துக்குள் இருந்து சிரிக்கிறாரே, வரலாற்று ஆசிரியர், எங்கள் வட்டத்தின் காப்பாளர், இராஜரட்ணம் மாஸ்ரர், அவர்மேல் எனக்கு ஆத்திரம்!

மன்னியுங்கள். எனக்கு முன்னே பேசிய மூவரும் மாஸ்ரரைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். பொறுமையா? அவரோடு வேலை செய்த எங்களுக்கல்லவா அது தேவைப்பட்டது! ஏழு வருடமாக அவர் எழுதிய ஒரு புத்தகத்தை என் வீட்டு பேஸ்மென்ரில் இருந்து கொம்பியூட்டரில் தட்டியவன் நான். கடைசி அத்தியாயத்தை மட்டும் பத்தொன்பது தரம் தட்டினேன். பத்தொன்பது!

என்ன புத்தகம்? பஞ்சாபின் சீக்கியப் படைகளும் கைபர் மலைப் பக்கத்துப் பட்டாணியக் குலங்களும் நூற்றைம்பது, நூற்றெழுபது வருடங்களுக்கு முன் மோதிய போர்களின் வரலாறு. தமிழில்! கனடாவில், இந்த ஸ்காபரோவில் இருந்து!

இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அவரைக் கேட்டீர்கள்? "மாஸ்ரர், எங்கட சண்டையே இன்னும் முடியேல்லை, உதென்ன பஞ்சாபிச் சண்டை?" கேட்டீர்களா, இல்லையா? நானும் கேட்டேன். என்னைக் கிறிஸ்து என்றுதான் கூப்பிடுவார். அவர் எனக்குச் சொன்ன பதில் இது: "எங்கட கதையையும் ஒருநாள் ஆரோ எழுதத்தான் போகினம், கிறிஸ்து. எழுதிறவன் ரெண்டு பக்கத்தானையும் கேட்டு எழுதவேணும். எங்கட சண்டையில அதைச் செய்ய எனக்குத் துணிவு இல்லை. அதுதான் வேற ஆற்றையோ சண்டையில பழகிறன்."

அந்தப் பழக்கம்தான் என் உயிரை எடுத்தது. ஊரில் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்த மனிதர், இங்கே காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். மெசினுக்கு ஒரு பக்கம் அமிர்தசரஸ்காரர் குர்தயாள் சிங். மறுபக்கம் கைபர் பக்கத்து அப்ரிடிக் குலத்தவர் ஷேர் ஸமான். இருவரும் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மாஸ்ரரின் மகள் பிரதீபா நடுவில் இருந்து நான் பேசுவதை அவர்களுக்கு இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாஸ்ரர் ஒரு விதி வைத்தார். ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்ததும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கன்ரீனில் வைத்து இங்கிலீசில் இருவருக்கும் சொல்லுவார். இருவரும் சரி என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டுமே அது அச்சுக்குப் போகலாம். கேளுங்கள் அன்பர்களே! தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தமிழ்ப் புத்தகத்தை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? தாங்கள் வாசிக்க முடியாத பக்கத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்த மனிதர் சொன்னதைத்தான் எழுதியிருப்பார் என்று நம்பிப் போட்டார்கள்.

1823இல் நடந்த நௌஷேராப் போருக்கு மட்டும் இந்தக் கன்ரீனில் நான்கு மாதம் எடுத்தது. குர்தயாள் சிங் சொன்னார்: "எங்கட படைவீரர் அகாலி பூலா சிங், பொறுக்கச் சொல்லியும் கேளாமல் முன்னுக்குப் போய்ச் செத்தவர். அதை எழுதவேணும்." ஷேர் ஸமான் சொன்னார்: "எங்கட சனம் குன்றில நிண்டு திரும்பத் திரும்ப அடிபட்டுச் செத்தது. எங்களுக்கு உதவ வந்த காபூல்காரன்ர பெரிய படை ஆத்துக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டிருந்தது. அதை எழுதாட்டில் நான் கையெழுத்துப் போடன்." மாஸ்ரர் இரண்டையும் எழுதினார். இருவரும் போட்டார்கள். அன்று ஷேர் ஸமான் அழுதார் என்று மாஸ்ரர் எனக்குச் சொன்னார். அந்தப் பெரிய படை அக்கரையில் நின்று பார்த்ததை இதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டு எழுதியதில்லையாம்.

இப்படி ஒன்பது அத்தியாயம் முடிந்தது. வந்தது பத்தாவது, ஜம்ருட்! 1837. கைபர்க் கணவாயின் வாயில் சீக்கியரின் கோட்டை. சீக்கியத் தளபதி ஹரி சிங் நல்வா காயப்பட்டு இறந்தார். லாகூரில் இருந்து உதவிப்படை வரும்வரை அவர் இறந்ததை உள்ளே இருந்தவர்கள் மறைத்து வைத்தார்கள். ஆப்கானியப் படை கோட்டையைப் பிடிக்காமல் திரும்பிப் போனது. இதில் எதையும் இருவரும் மறுக்கவில்லை. பிறகென்ன பிரச்சினை? யார் வென்றது என்பதுதான்! "கோட்டை எங்களிட்டை இருந்தது, வெண்டது நாங்கள்" என்றார் குர்தயாள் சிங். "உங்கட நல்வாவே போயிட்டார், பிறகென்ன வெற்றி?" என்றார் ஷேர் ஸமான். "வென்றார்கள்" என்ற சொல்லைத் தங்கள் பக்கத்துக்கு எழுதச் சொல்லி இரண்டு வருடம் வாதாடினார்கள். மாஸ்ரர் ஒரு பக்கத்துக்கும் எழுத மாட்டேன் என்றார். மூன்று பிடிவாதக்காரர், ஒரு கன்ரீன் மேசை! நடுவில் தட்டிக்கொண்டிருந்த மடையன் நான்.

தலைவர் ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்" என்று எழுதியிருக்கிறது. தலைவர் அவர்களே, ஏழு வருடம் இழுத்தது இந்தக் கதை. என்னை இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

பிரதீபா, இனிச் சொல்லப் போவதை அவர்களுக்கு ஒன்றும் குறைக்காமல் சொல்லு, பிள்ளை.

வட்டத்தின் ஆண்டுவிழா வந்தது. "புத்தகம் எங்கே, புத்தகம் எங்கே" என்று தலைவர் நாளுக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தார். எனக்கும் அலுத்துப் போய்விட்டது. பத்தாம் அத்தியாயத்தின் எழுத்தில் நான் கைவைக்கவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்த இரண்டு கையெழுத்துகளையும் பிரதி எடுத்துப் பத்தாவதன் கீழே ஒட்டி அச்சுக்குக் கொடுத்தேன். ஓம், நான்தான் கொடுத்தேன். குர்தயாள் சிங் அவர்களே, ஷேர் ஸமான் அவர்களே, நீங்கள் போடாத கையெழுத்தை நான் போட்டேன்.

ஜூன் மாதம் முதல் பிரதியைக் கொண்டுபோய் மாஸ்ரரின் கையில் கொடுத்தேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேனே, என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? ஆயிரம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திய மனிதர் அல்லவா அவர்! ஒன்பதாம், பத்தாம் அத்தியாயங்களின் கையெழுத்துப் பக்கங்கள் இரண்டையும் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, யன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறல் பிசகவில்லை. என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு எங்கட கதைக்குக் கீழயும் ஆரோ இப்பிடித்தான் எங்கட கையெழுத்தைப் போடுவாங்கள், கிறிஸ்து," என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசி வார்த்தை.

அதற்குப் பிறகு பதினொரு தரம் ரெலிபோன் எடுத்தேன். பதினொரு தரமும் மாஸ்ரரின் மனைவி மங்கையற்கரசி அக்காதான் எடுத்தார். "அவர் குளிக்கிறார், தம்பி." அக்கா, ஒரு மனிதன் எத்தனை தரம் குளிப்பான்? வீட்டுக்கு வந்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் ஆறட்டும், பனிக்காலம் வர முதல் சமாதானம் ஆவார் என்று நானும் விட்டுவிட்டேன். செப்டெம்பர் ஒன்பதாம் திகதி அந்தக் கன்ரீன் மேசையிலேயே சாய்ந்தார். பத்தாம் அத்தியாயத்தின் இருபதாவது பிரதி அவர் கையில் இருந்தது. இந்தமுறை அதை அவரே பேனையால் எழுதியிருந்தார். நான் தட்டினேன் என்று இருக்கக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ! இப்படியா ஒரு மனிதன் கோபித்துக்கொண்டு போவது? திரும்பி வந்து திட்டிவிட்டாவது போயிருக்கக் கூடாதா?

அன்பர்களே, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் கொடுப்பது எங்கள் வழக்கம். மலருக்குப் பதிலாக இந்தப் புத்தகத்தைக் கொடுப்போம் என்று தலைவர் முடிவெடுத்து, இருநூறு பிரதிகளை வாசல் மேசையில் அடுக்கியிருக்கிறார். அவருக்கு இந்த விசயம் தெரியாது. தயவுசெய்து ஒருவரும் எடுக்க வேண்டாம். எடுத்தவர்கள் போகும்போது திரும்ப வைத்துவிட்டுப் போங்கள். அது பொய்ப் புத்தகம். தலைவர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் அந்தக் கன்ரீனுக்குப் போகிறேன். மாஸ்ரரின் கையால் எழுதிய அத்தியாயத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லுவேன். இருவரும் விரும்பினால் கையெழுத்துப் போடட்டும். போடாவிட்டால் அடுத்த திங்களும் போவேன். அதற்கடுத்த திங்களும் போவேன். பத்து வருடம் எடுத்தாலும் எடுக்கட்டும். அவர்கள் எழுதாத ஒரு புள்ளிகூட இனி அந்தப் பக்கத்தில் விழாது. இது இராஜரட்ணம் மாஸ்ரரின் படத்துக்கு முன்னால், அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் முன்னால், நான் ஏமாற்றிய இந்த இருவருக்கும் முன்னால் நான் எடுக்கும் சத்தியம்.

இப்போது தலைவர் ஒரு நிமிட மௌன அஞ்சலி கேட்பார். நீங்கள் எல்லோரும் எழுந்து அமைதியாக நில்லுங்கள். நானும் நிற்பேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. மாஸ்ரர், மூன்று மாதம் நீங்கள் என்னோடு கதைக்காமல் இருந்தீர்கள். அந்த ஒரு நிமிடம் முழுக்க நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நிற்பேன்.